மோனாடும் மேல்மலையனூர் ஸ்பெஷலும்

ஜூலை 7, திங்கள்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நாலு பேர் உட்கார்ந்து, ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு டிக்கெட் ஆப் எழுதுகிறோம். அதில் ஒருத்திக்கு, புரோகிராமில் மோனாட் என்று ஏதோ கணிதச் சமாச்சாரம் வேண்டுமாம்! அன்புக்கரசி, அனந்தபுரத்துப் பெண், சேர்ந்து ஐந்து மாதம். மாத முடிவில் அவளை நிரந்தரமாக்கலாமா என்று முதலாளிக்கு எழுதித் தரப்போவது நான். அந்தப் பயமாவது வேண்டாமா?

ஜூலை 9

விளக்கச் சொன்னேன்.

"ஊரக் குடுத்தா பஸ் வரும் சார். பஸ்ஸக் குடுத்தா சீட் நம்பர், சீட் நம்பரக் குடுத்தா டிக்கெட். ஒன்னோட ஒன்னு கோத்துடலாம்."

இதற்குப் பெயர் காம்பொசிஷனாம். பெரிய கண்டுபிடிப்பு.

"ஆனா ஊருக்குப் பஸ்ஸே இல்லன்னா கோக்க முடியாது. அதனால பஸ்ஸ ஒரு டப்பாவுல போட்டுத் தரோம். டப்பா காலின்னா அடுத்த வேல எதுவும் நடக்காது. படிக்குப் படி நாம கேக்க வேணாம்."

காலி டப்பாவைக் கைமாற்ற ஒரு கணிதப் பெயர்! படித்த திமிர்.

ஜூலை 10

மோனாட் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். தாடிக்காரன் ஒருவன் நாற்பது நிமிடம் அம்புக்குறி போட்டுவிட்டு, "எளிதுதானே?" என்கிறான். மூஞ்சியைப் பார்.

ஜூலை 15

அவள் எழுதியதைத் தூக்கிவிட்டேன். என் பழைய புரோகிராமே ஓடட்டும் — 'பஸ் இருக்கிறதா' என்று கேட்கப் பதினொரு இடத்தில் 'இஃப்', பஸ் இல்லாவிட்டால் வெற்றிடம். அவ்வளவுதான் விஷயம்.

"எங்கியாவது ஒரு எடத்துல விட்டுட்டா சார்?"

"நான் இன்னா நேத்து வந்தவனா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 18

அறிக்கையை முன்கூட்டியே அனுப்பிவிட்டேன். 'புத்தக ஞானம் அதிகம். வேலைக்கு ஆகாது.'

ஜூலை 24, ஆடி அமாவாசை

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்கு வழக்கமான சர்வீஸை நிறுத்திவிட்டு ஸ்பெஷல் விடுவார்கள். ஊருக்கே தெரியும். என் பதினாலு வருஷ அனுபவத்துக்குத் தெரியவில்லை. மேல்மலையனூருக்குப் பஸ் இல்லை என்று வெற்றிடம் வந்தது. ஓர் இடத்தில் நான் கேட்காமல் விட்டிருக்கிறேன். சீட் நம்பர் போட்டு, டிக்கெட்டும் அனுப்பியாகிவிட்டது. முன்னூறு பேருக்கு.

கீழே கண்டக்டர் கத்தினார்: "இன்னாமா டிக்கெட் இது? சீட் நம்பர் இருக்குது, பஸ் நம்பரக் காணோம்!" கைக்குழந்தையோடு ஒரு பெண், "காலைலேந்து நிக்கறம்பா" என்று அழுதாள்.

நான் ஜன்னலிலேயே நின்றேன். அன்புக்கரசி பேனாவோடு இறங்கிப்போய், ஒவ்வொருவர் கையிலும் ஸ்பெஷல் பஸ்ஸின் நம்பரை எழுதிவிட்டாள்.

ஜூலை 25

அவள் எழுதிய புரோகிராமைத் தேடியெடுத்து, அதே தேதி, அதே ஊர் கொடுத்துப் பார்த்தேன். 'பஸ் இல்லை.' அத்தோடு நின்றது. சீட் நம்பரும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. மூன்று முறை ஓட்டினேன். அந்தக் காலி டப்பா இப்போதுதான் மண்டையில் ஏறியது.

த்தூ. இன்னாடா பண்ணி வச்சிருக்க?

தப்பு என்னுடையது என்று முதலாளிக்குப் போன் செய்தேன். "நீ எழுதனதத்தானப்பா நம்பனேன். அந்தப் பொண்ண நிக்கச் சொல்லி முந்தாநேத்தே லெட்டர் குடுத்துட்டேனே" என்றார்.

அப்படியென்றால் நேற்று, கையில் அந்த லெட்டரோடுதான் இறங்கிப் போயிருக்கிறாள்.

ஜூலை 31

அன்புக்கரசியிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார். வேற எடத்துல கூப்ட்டுட்டாங்க."

ஆகஸ்ட் 18

ஆப்பில் இப்போது ஓடுவது அவள் எழுதிய புரோகிராம்தான். இன்று புதிதாகச் சேர்ந்த ரம்யா அதைப் படித்துவிட்டு, "எவ்ளோ சுத்தமா இருக்குது! யாரு சார் எழுதனது? அவங்ககிட்ட கத்துக்கணும்" என்றாள்.

"அன்புக்கரசின்னு ஒரு பொண்ணு. வேலைக்கு ஆகாதுன்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

ரம்யா திரைப் பக்கம் திரும்பி, அதை மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.