குரல்பதிவுக்கு ஒரு திருத்தம்

ஏறாவூர்,
டிசம்பர் 8

அன்பு மகள் நிஸ்றாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வலது கண்ணைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அந்தக் கண்ணில் புரை முற்றிவிட்டது, பத்தொன்பதாம் திகதி ஒப்பரேசன் என்று கண் வைத்தியர் இன்று காலை சொன்னார். கிளினிக் அட்டையிலும் எழுதித் தந்திருக்கிறார். தோஹாவில் குளிர் தொடங்கியிருக்குமே, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே மூன்று நாளாக மழை, வாவித் தண்ணீர் ஏறி எங்கள் ஒழுங்கை முனையில் வந்து நிற்கிறது.

உன் குரல்பதிவை நான்கு முறை கேட்டேன். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாய். நாற்பத்தொரு வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன், கேட்கும்போதே கை பேனையைத் தேடியது. "உங்களுக்கு யாரு சமைப்பாங்க, யாரு கண்ணுக்கு மருந்து விடுவாங்க, யாரு கதைப்பாங்க" என்று ஒரே அச்சில் மூன்று கேள்வி வைத்தாய். மூன்றும் பதில் வேண்டாத கேள்விகள், கடைசியில் குரலைத் தாழ்த்தியதும் நன்றாகவே இருந்தது. வயதானவர்களில் மூன்றில் ஒருவர் விழுகிறார் என்றாய், எண்ணியது யார் என்று சொல்லவில்லை. "உம்மா இரிந்தா என்ன சொல்லுவா" என்றாயே, அதுதான் பெரிய கெட்டித்தனம். மௌத்தாகி மண்ணுக்குள் போனவரைச் சாட்சிக்கு அழைத்தால் குறுக்கு விசாரணைக்கு இடமில்லை. பக்கத்து வீட்டு ஆயிஷா உம்மா சோறு கொண்டுவந்தவ, நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்கட புள்ள எலக்சன் கேட்டா ஊரே வோட்டுப் போடும், நீங்க மட்டும் பிழை பிடிச்சிக்கிட்டு இரிப்பீங்க" என்று சொல்லிப் போனா.

ஆனால் பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் போடுவோம். நான் போடவில்லை. நீ கேட்கும்போதெல்லாம், கனகசூரியம் அங்கிள் பின்னேரம் கதைக்க வருகிறவர்தானே என்றேன். என் செய்திகளுக்குப் படம் பிடித்த அந்த மனிதர் ஓகஸ்ட் மாதமே திருகோணமலையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். "மழைக்கு முன்ன வாறன், மர்சூக்" என்றார். வரவில்லை. சொல்லாமல் விடுவதும் ஒருவரை இணங்கவைக்கும் வழிதான் மகள், நான் அதை நான்கு மாதம் உன்மேல் பாவித்திருக்கிறேன். பின்னேரம் அஸர் தொழுதபின் பொழுதுபட்டு மஃரிப் வரை யாரும் கதவைத் தட்டுவதில்லை. ரேடியோவைப் போட்டுவிட்டு, செய்தி வாசிப்பவரின் பிழைகளைச் சத்தமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

பதிவை நிறுத்த மறந்து நீ விட்ட கடைசிப் பதினொரு செக்கனையும் கேட்டேன். சோற்றுப் பீங்கான்களை மேசையில் வைக்கும் சத்தம், பிறகு "சே, இண்டைக்கும் ரெண்டு பீங்கான் வெச்சிட்டன்" என்று உனக்கே சொல்லிக்கொண்டாய். உன் அறையில் கூட இருந்த நுஸ்ரா போய்விட்டாளா? நீயும் எனக்குச் சொல்லவில்லையே. உன் மூன்று கேள்விக்கும் என்னிடம் மறுப்பு இருந்தது, நான்கு முறை கேட்டது அந்த ஒரு வரிக்காகத்தான்.

அல்லாஹ் உன்னைப் பாதுகாப்பானாக, உன் கைக்குப் பறக்கத்தும் பெருக்கமும் தருவானாக. இருமலுக்கு அனுப்பிய மருந்தை மறக்காமல் குடி. கண் கட்டை இருபதாம் திகதி அவிழ்ப்பார்கள். விமானத்தில் ஏறலாமா என்பதை வைத்தியர் ஜனவரி கடைசியில் பார்த்துத்தான் சொல்வார். நான் வருவது இன்னும் உறுதியில்லை. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து போகிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா