வந்து போகும் வெயில்

பேகம்பூர் மரக்கடையைத் தாண்டும்போது பச்சை மரம் அறுக்கிற வாசனை வந்தது. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நின்றுவிட்டேன். நீ போன பிறகும் அந்த வாசனை எனக்குச் சிறுமலை ஓடைக்கரைதான்.

ஒரே கல்லூரியில் தாவரவியல் பாடம் நடத்தினோம். நீ குஜிலியம்பாறைக்காரி. "எங்க ஊர்ல வெயிலுக்கு என்னடி பஞ்சம், நெழலுக்குத்தான் பஞ்சம்" என்பாய். அதனாலோ என்னவோ, லீவு நாளெல்லாம் சிறுமலைக்குக் கிளம்பிவிடுவாய். ஓடைக்கரை மரங்களின் அடியில் விரல் உயரத்துக்கு நின்ற அந்த அரிய ஆர்க்கிட் செடியை முதலில் எனக்குத்தான் காட்டினாய். சற்றுத் தள்ளி இருண்டு கிடந்த இடத்தில் அது இல்லை. வெட்டவெளியிலும் இல்லை. இலை இடுக்கு வழியே காலை வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து நகர்கிற இடத்தில் மட்டும் இருந்தது.

"வெயிலு வந்து உக்காந்துரக் கூடாதுடி. வந்துட்டுப் போயிரணும்" என்றாய்.

அதைக் காப்பாற்றத்தான் ஒரு வனத்துறை அதிகாரியை அங்கே அழைத்துப் போனாய். அவர் செடியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஓடையின் அழகைப் பார்த்தார். அடுத்த கோடைக்குள் சுற்றுலா வருகிறவர்கள் உட்கார மேடை வந்துவிட்டது. இருட்டாக இருக்கிறதென்று மேலே கிளைகளை வெட்டிச் சாய்த்தார்கள். அந்தக் கிளைகளுக்கு நடுவே நின்று நீ சத்தம் போட்டாய். "செடிதான மேடம், மழை பேஞ்சா மொளச்சிரும். இதுக்குப் போயி இம்புட்டுக் கோவமா?" என்று அவர் சிரித்தார்.

முளைக்கவில்லை. திறந்த வெயிலில் அதன் இலைகள் வெளிறிக் கருகின. மழை வந்ததும் புல்லும் உண்ணிச்செடியும்தான் மண்டின. அதற்குள் உனக்குக் கீமோ ஆரம்பித்திருந்தது. வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடைவரை நடந்தாய். மண்டியிட்டு, முள் கீறுவதையும் பொருட்படுத்தாமல், உண்ணிச்செடியை விலக்கி விலக்கித் தேடினாய்.

"நாந்தான்டி ஆளக் கூட்டியாந்து காட்டுனேன்" என்றாய்.



உன் இரங்கல் கூட்டத்துக்கு அந்த அதிகாரியும் வந்தார். மைக்கைப் பிடித்து, "மேடம் அந்தக் காட்டுக்கே வெளிச்சமா இருந்தாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போன மழைக்குப் பிறகு ஓடையின் மேல்பக்கம் ஏறிப் போனேன். ஒரு பாறைச் சரிவில், யாரும் கை வைக்காத மரங்களுக்கு அடியில், அது இருக்கிறது. பூத்தும் இருக்கிறது. உனக்குச் சொல்லத்தான் முதலில் போனை எடுத்தேன். பிறகு பைக்குள் வைத்துவிட்டேன். கல்லூரியில் சொல்லவில்லை. மாணவிகளிடம் சொல்லவில்லை. வீட்டில்கூட மூச்சு விடவில்லை. நீ ஆசை ஆசையாய் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்டினாய். எனக்கு அந்த மனசு இல்லை. அந்த இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். என்னோடேயே இருக்கட்டும்.