சட்டைப் பையில் நாலு பொட்டலம்

மூங்கில்துறைப்பட்டு
3.2.2025

அம்சவள்ளிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். கரும்பு வெட்டும்போது காலில் பட்ட காயத்துக்குச் சின்னசேலத்தில் டாக்டர் எழுதியது ரெண்டு மாத்திரை. சீழுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று. நீ டிராக்டர்காரரிடம் கொடுத்தனுப்பியதில் வலி மாத்திரையைக் காணோம். மெடிக்கலில் வேலை பார்க்கும் உன் தம்பி கலையரசன் எடுத்துக்கொண்டானா? என்மேல் இருக்கும் கடுப்பை இதில் காட்டுகிறானா? ரெண்டையும் சேர்த்துப் போடலாம் என்று டாக்டரே சொன்னார். உண்மையை எழுது.

தங்கதுரை

சின்னசேலம்
5.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எடுத்தது தம்பி இல்லை, நான்தான். டாக்டர் சொன்னது சரி. ஆனால் "வேற எதுனா மாத்திரை போடுறியா?"ன்னு அவர் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினீர்களே, அது சரியா? மறுநாள் நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு துவைக்க எடுத்தால் உங்கள் சட்டைப் பையில் நாலு பொட்டலம். உங்கள் மேஸ்திரி செல்லமுத்து உடம்பு வலிக்கு வாங்கித் தரும், நாலைந்து மாத்திரையை ஒன்றாய்க் கட்டிய அதே செட்டு மாத்திரை. போன வருஷம் வயிற்றுப் புண் வந்தபோது, விட்டுவிட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தீர்களே!

தம்பியிடம் காட்டினேன். அந்தச் செட்டிலேயே வலி மாத்திரை இருக்கிறதாம். அதன்மேல் இன்னொன்று போட்டால் வயிற்றில் ரத்தம் கசியுமாம். செட்டை விட்டுவிடுங்கள். சீழ் மாத்திரையை நாள் தவறாமல் போடுங்கள். வலிக்கு எதைப் போடலாம் என்று டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

அம்சவள்ளி

மூங்கில்துறைப்பட்டு
8.2.2025

அம்சவள்ளிக்கு,

என் சட்டைப் பையைத் துழாவ உனக்கு யார் சொன்னது? நீ பெண்டாட்டியா, போலீஸா? செட்டு போடாமல் ஒரு நாள் கரும்பு வெட்டிப் பார், தெரியும். உன் தம்பி கைபட்ட மாத்திரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. சீழ் மாத்திரையை வாய்க்காலில் வீசிவிட்டேன். செட்டு பத்து வருஷமாய் என்னை என்ன செய்துவிட்டது?

தங்கதுரை

கள்ளக்குறிச்சி
13.2.2025

வள்ளி,

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ரெண்டு நாளாய் வெளிக்குத் தார் மாதிரி கறுப்பாய்ப் போனது. மேஸ்திரிதான் கொண்டுவந்து சேர்த்தார். ரத்தம் ஏற்றுகிறார்கள். காலும் வீங்கிவிட்டது. பயமாக இருக்கிறது.

காலையில் டாக்டரம்மா, "இன்னா மாத்திரை போட்டுக்கினு இருந்த?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். மேஸ்திரியும் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் போனில் சொல்லவும் வெட்கம். பக்கத்துக் கட்டில்காரரின் மருமகன் சின்னசேலம் பக்கம் வருகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிடைத்ததும் பஸ் ஏறு. என் சட்டை கட்டில் கம்பியில் தொங்குகிறது. பையைத் துழாவு. இன்னும் ரெண்டு பொட்டலம் இருக்கிறது. எடுத்து டாக்டரம்மா கையில் கொடு.

தங்கதுரை