முப்பத்தொன்றுக்குள், கண்டிப்பாக

மார்ச் 11, செவ்வாய்

இன்று காலை கார் ஓட்டப் பழக வந்த மாணவி ஏதோ வங்கியில் பெரிய அதிகாரி. முப்பது பேரைக் கட்டி மேய்க்கிறாளாம். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பூந்தொட்டி ஒன்று காலி. என் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக் மட்டும் இல்லாவிட்டால் சுவரும் போயிருக்கும். பதினெட்டு வருடமாக அடுத்தவர் தப்புக்கெல்லாம் நான் பிரேக் போடுகிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட வலது கால் தானாக அமுக்குகிறது.

வரும் வழியில் செருப்புக் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கி வந்தேன். மூட்டை கட்ட ஆரம்பித்தாயிற்று. 28ஆம் தேதி இந்த வீட்டின் பத்திரப்பதிவு. அந்தப் பணம் வந்ததும் 31க்குள் டீச்சரம்மாவுக்குக் கட்டினால் அவருடைய கீழ்த்தள வீடு எங்களுக்கு. டீச்சரம்மா கறார். தேதி தாண்டினால் வேறு ஆள் காத்திருக்கிறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

இவர் இன்று மாடியிலிருந்து இறங்க ஒன்பது நிமிடம். பதினான்கு படி. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி அடுத்த படியில் வைத்து. பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகப் போகிறது. படுக்கையறை, குளியலறை இரண்டையும் மேலே கொண்டுபோய் வைத்து இந்த வீட்டைக் கட்டிய புத்திசாலி யாரோ! மத்தியானம் மருந்துக்கடைப் பையன் பெல் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டானாம். "வர்றேன் வர்றேன்னு கத்தினேன், அவனுக்குக் கேக்கலை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15, சனி

வீட்டை வாங்குகிறவரும் அவர் மனைவியும் வந்துபோனார்கள். இந்த மனிதர் எப்போது வந்தாலும் கையில் அளவு டேப். முதல் தடவை கார் நிற்கும் இடத்தை அளந்தார், அடுத்த தடவை சமையல் மேடையை. இன்று ஜன்னல்கள். திரைச்சீலை தைக்கக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் திரைக்கம்பிகள் அப்படியே இருக்கட்டும் என்று அவராகவே முடிவும் செய்துவிட்டார். நாங்கள் வைத்திருக்கும் பெயர் டேப்காரர்.

மனைவி வாயே திறப்பதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்து நின்றுகொள்கிறாள். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறாள்.

கூடத்தில் உட்கார இடமில்லை, எங்கு பார்த்தாலும் பெட்டி. டேப்காரர் ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தார். நான் மேலே பக்கெட் எடுக்கப் போயிருந்த நேரத்தில் இவரும் அவரும் ஏதோ வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 19, புதன்

ஆத்திரத்தில் பேனாவை அழுத்தி எழுதுகிறேன். எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது தரகர் போன் செய்தார். "ஒரு சின்ன விஷயம் மேடம்" என்று ஆரம்பித்தார். டேப்காரருக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டுமாம். பத்தில் ஒன்று! பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது! விலை பேசி, முன்பணம் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. இப்போது திடீரென்று குளியலறைச் சுவரில் ஈரம் தெரிந்துவிட்டதாம். மூன்று தடவை வந்து மூலை முடுக்கெல்லாம் அளந்த மனிதருக்கு அப்போதெல்லாம் கண் எங்கே போயிற்று?

அதோடு விட்டாரா தரகர். மென்று விழுங்கி இன்னொன்றும் சொன்னார். "உங்களுக்கும் முப்பத்தொண்ணுக்குள்ள வேற இடத்துல பணம் கட்டணுமாமே மேடம். இழுத்தடிச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்னு சொல்றார்."

என்னையறியாமல் பிரேக்கை அமுக்கிவிட்டேன். நடுரோட்டில் வண்டி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். வங்கி அதிகாரி நடுங்கிப்போய், "நான் ஒண்ணும் பண்ணலையே மேடம்" என்றாள்.

31ஆம் தேதி விஷயம் டேப்காரருக்கு எப்படித் தெரியும்? தரகரிடம்கூட நாங்கள் அதைச் சொன்னதில்லை. தெரிந்தது மூன்று பேருக்கு: எனக்கு, டீச்சரம்மாவுக்கு, இவருக்கு. டீச்சரம்மாவுக்கு டேப்காரர் யாரென்றே தெரியாது.

அப்புறம் யார்?

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பிடித்துக்கொண்டேன். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு? யார் வந்தாலும் உட்கார வச்சு வீட்டுக் கதையெல்லாம் சொல்லணுமா?"

"நான் சொல்லலை. கிரிக்கெட் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்" என்றார்.

நம்பவில்லை. இவர் தபால்காரரிடம்கூட ரத்த அழுத்தம் எவ்வளவு என்று சொல்கிற ஆள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் நாலு கேட்டேன். எழுந்து, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக மேலே போனார். உதவிக்குப் போகவில்லை நான். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, வியாழன்

பேசவில்லை. அவரும் கீழே இறங்கவில்லை. தட்டை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 21, வெள்ளி

குழாய்க்காரரை வரவழைத்தேன். பத்தில் ஒரு பங்கு விலை பெறும் அந்த ஈரத்தை நானும் பார்க்க வேண்டாமா!

சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், டைல் ஒன்றைப் பெயர்த்தார். உள்ளே குழாயின் இணைப்பு ஒன்று கசிகிறது. அரை நாள் வேலை என்றார். சுவர் காய நாலு நாள். "வீடே இடிஞ்சு விழுமா?" என்று கேட்டேன். "அம்மா, உங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு, சுவரைப் பார்த்தா இல்லை" என்றார். அதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றேன். தான் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது என்று தலையைச் சொறிந்தார். பேனாவைக் கையில் திணித்தேன். கோழி கிண்டியது மாதிரி எழுதினாலும் விவரம் எல்லாம் இருக்கிறது. வேலையையும் இன்றே முடிக்கச் சொல்லிவிட்டேன்.

ஆனால் இது ஈரத்தைப் பற்றிய விஷயமே இல்லை. கழுத்தில் கத்தி வைக்க ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சுவர் இல்லாவிட்டால் வேறு சுவர்.

மார்ச் 22, சனி

தரகர் நேரிலேயே வந்தார். கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகச் சொல்லி ஒரு மணி நேரம் பூசி மெழுகினார். விலை குறைந்தாலும் அவருக்குக் கமிஷன் வந்துவிடும், பதிவு நின்றால்தான் ஒன்றும் வராது. அவர் கவலை அவருக்கு.

குழாய்க்காரர் எழுதிக் கொடுத்ததை நீட்டினேன். படித்தார், கையைப் பிசைந்தார். கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன், 31ஆம் தேதியை அந்த ஆளிடம் சொன்னது யார் என்று.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். டேப்காரர் அவருக்கு அனுப்பியதாம். எங்கள் கூடம். எங்கள் அட்டைப்பெட்டி. அதன் மேல் தடித்த மார்க்கரில், ஒரு மைல் தூரத்திலிருந்தும் படிக்கிற மாதிரி:

புது வீடு. கீழ்த்தளம். பாத்திரம். 31க்குள். கண்டிப்பாக!

"நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே மேடம்" என்றார்.

என் எழுத்து. 'கண்டிப்பாக'வுக்குக் கீழே இரண்டு கோடு வேறு. எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறேன். பயிற்சி வண்டியின் முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துப் பழகிய கை. அந்த ஆள் டீ குடித்ததே அதன் மேல் உட்கார்ந்துதான்.

தரகர் போனபின் ரொம்ப நேரம் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். யாரைத் திட்டுவது? மூன்று நாளாக ஒரு மனிதரை மேலே உட்கார வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறேன், செய்யாத தப்புக்கு. அன்று அவர் படியேறும்போது நின்று வேடிக்கை பார்த்தேனே.

மேலே போனேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எங்கள் இருவருக்கும் பழக்கமில்லை. அவர் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கையெழுத்து மட்டும் நல்லா இருக்கு உனக்கு" என்றார்.

அழுதுவிட்டேன். கோபத்தில்தான்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் டீச்சரம்மா வீட்டுக்குப் போய் இன்னும் ஒரு வாரம் தர முடியுமா என்று கேட்டேன். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே. ஏழாந்தேதி வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது." இவ்வளவுதான். கேட்கக் கௌரவம் இடம் கொடுக்காமல் இத்தனை நாள் அந்தத் தேதியை நானே என் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மத்தியானம் பதினொரு பெட்டியையும் பிரித்தோம். இவர் கீழ்ப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், நான் அலமாரியில் அடுக்கினேன். தட்டு, டம்ளர், கடிகாரம், கல்யாணப் படம். திரைச்சீலைகளைத் தோய்த்து மாட்டினேன். அட்டைகளை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் பார்க்க, இந்த வீட்டில் இன்னும் இருபது வருடம் இருக்கப் போகிறவர்கள் மாதிரிதான் இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

தரகரை விட்டுவிட்டு நானே டேப்காரரைக் கூப்பிட்டேன். சுவரை வந்து பாருங்கள் என்றேன்.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பெட்டியைத் தேடுகிறார் என்று தெரிந்தது. நன்றாகத் தேடட்டும்.

"நீங்க... கிளம்பலையா?"

"பேசின விலை வந்தா கிளம்புவோம். இல்லேன்னா இருக்கோம்."

குழாய்க்காரரின் சீட்டைக் கொடுத்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். அதற்குள் அவர் மனைவி மேலே போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்திருக்கிறாள். இறங்கி வந்து, "காஞ்சுதாங்க இருக்கு" என்றாள். இந்த வீட்டுக்கு நாலு தடவை வந்ததில் அவள் பேசிய முதல் பேச்சு.

அப்படியும் விடவில்லை அவர். கேட்டதில் பாதியாவது குறையுங்கள் என்றார். சுற்றி வளைத்து, சந்தையில் விலை இறங்குகிறது, அங்கே இதைவிடப் பெரிய வீடு, இங்கே இதைவிடப் புது வீடு என்று. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வலது கால் தரையை அமுக்கிக்கொண்டே இருந்தது.

"நீங்க பார்த்த குறையை என் செலவுல சரி பண்ணிட்டேன். அதுக்கு மேல ஒரு காசு குறையாது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதிவு ஆபீஸ்ல இருப்பேன். வந்தா சந்தோஷம். வரலைன்னா ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

பின்வாங்கினால் முன்பணம் அவருக்குத் திரும்பாது என்று எழுதியிருக்கிறது. டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். டீ தரவில்லை.

மார்ச் 26, புதன்

போன் வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

வரவில்லை.

வீறாப்பாகப் பேசியாயிற்று. இப்போது போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு அவர் வராவிட்டால்? ஏழாம் தேதிக்குள் வேறு ஆள் எங்கே கிடைக்கும்? முன்பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அதில் கீழ்த்தளம் வருமா? என் ரோஷத்துக்காக இவருடைய காலைப் பணயம் வைத்துவிட்டேனா? பாதியைக் கொடுத்துத் தொலைத்திருக்கலாமோ? கடன் வாங்கியாவது சமாளித்திருக்கலாம்.

இவரிடமே கேட்டேன். இப்போதே போன் போட்டுப் பாதிக்கு ஒத்துக்கொள்ளட்டுமா என்று.

"குறைச்சுக் குடுத்துட்டு நீ வருஷம் பூரா அவனைத் திட்டிக்கிட்டே இருப்பே. பக்கத்துல நான்தான் இருக்கணும். அதுக்குப் படியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கிறேன்."

போன் போடவில்லை.

மார்ச் 28, வெள்ளி

ஒன்பதே முக்காலுக்கே போய்விட்டேன். பத்து மணி. பத்தே கால். தரகர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். பத்தரைக்கு எழுத்தர் எங்கள் பெயரைக் கூப்பிட்டார், ஒருவர் இன்னும் வரவில்லை என்றேன்.

பத்தே முக்காலுக்கு வந்தார்கள். மனைவி முன்னால், டேப்காரர் பின்னால். பேசிய விலை. ஒரு காசு குறையவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கைநாட்டு மையைத் துடைப்பதிலேயே கவனமாக இருந்தார். வெளியே வரும்போது அந்த அம்மா மட்டும் பின்தங்கி, "அந்தச் சமையலறை ஜன்னல்ல காத்து நல்லா வருதுக்கா" என்றாள்.

இருந்தாலும் கோபம் தணியவில்லை. பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தவரைச் சும்மா விடுவதா? வீட்டுக்கு வந்ததும் திரைக்கம்பிகளை எல்லாம் கழற்றி, கொண்டுபோக எடுத்து வைத்துவிட்டேன். ஒப்பந்தத்தில் அவை இல்லை. நன்றாக அளக்கட்டும். சமையலறை ஜன்னல் கம்பியை மட்டும் விட்டுவைத்தேன், அது அந்த அம்மாவுக்கு.

ஏப்ரல் 3, வியாழன்

புது வீட்டில் மூன்றாவது நாள். கரண்டி எங்கே, கத்தரிக்கோல் எங்கே, என் கண்ணாடி எங்கே, ஒன்றும் தெரியவில்லை. பதினொரு பெட்டி கூடத்தில் நிற்கின்றன. ஒன்றிலும் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. எழுதுவேனா இனிமேல்!

என்னுடைய வாசல் சாவியும் அதில் ஏதோ ஒன்றில்தான் கிடக்கிறது. வங்கி அதிகாரி இன்று ஓட்டுநர் தேர்வில் தேறிவிட்டாள், சுவர் எதையும் இடிக்காமல். அதை இவரிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக வந்த நான், வாசலில் நின்று பையைத் துழாவி, தலையில் அடித்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் பெல்லை அழுத்தினேன்.

உள்ளேயிருந்து "வர்றேன்" என்றார். நான் இரண்டாவது தடவை அழுத்துவதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.