கோணல் முள்

பிப்ரவரி 9, ஞாயிறு

என் பட்டாணிக்கு,

நீ கடை போட வெளியூர் போகும்போதெல்லாம் வாரம் ஒன்று எழுதிப் பழகிய கை. நீ செத்து மூன்று மாதமாகியும் அதற்குப் புத்தி வரவில்லை. மூன்றாம் வகுப்புப் படிப்புதான், பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள்.

போன வாரம் நம் பலூன் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பார்க்கவே பாவமாக இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, குழாய் முழுக்கத் துரு. கட்டையில் வார்னிஷ் வெள்ளை பூத்துத் தோல் உரிந்திருந்தது. எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்றான் உன் தம்பி. சனிக்கிழமை பொருட்காட்சி திறக்கிறது, கடையில் நான்தான் நிற்பேன், இதோடுதான் நிற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

கீழ்வீட்டுத் தையல் மிஷின் ரிப்பேர்காரர் வழி சொன்னார். மண்ணெண்ணெயில் நனைத்த இரும்பு நாரால் துருவைத் தேய்த்து எடுத்தேன். அவர் கொடுத்த மருந்தைப் பஞ்சில் தொட்டுப் பூசினால், வெளுத்த இரும்பு கண்ணெதிரே கறுக்கிறது. கட்டையில் பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைக்கச் சொன்னார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். ஆவி ஏற ஏறப் பள்ளம் மேலே வந்துவிட்டது. உன் சட்டைக்குக்கூட நான் இவ்வளவு பொறுமையாக இஸ்திரி போட்டதில்லை. அப்புறம் உப்புத்தாள். அப்புறம் ஆளிவிதை எண்ணெய், மூன்று நாள் உள்ளங்கையாலேயே தேய்த்தேன். இத்தனை நாள் எதற்கும் ஆகாமல் கிடந்த கை, நேற்று தேய்த்துக்கொண்டே தாளம் போட்டது.

குழாய் முனையில் குறி பார்க்கிற முள் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. பெட்டிக்குள் அடிபட்டிருக்கும். துணி சுற்றிக் குறடால் பிடித்து நிமிர்த்தினேன். இப்போது பார், கறுப்பாக, எண்ணெய் மினுமினுக்க, கல்யாணத்தன்று நீ நின்ற மாதிரியே இருக்கிறது.

உன் வாயாடி


பிப்ரவரி 16, ஞாயிறு

பட்டாணி,

உன்னிடம் சண்டை போட வேண்டும்.

நேற்று கடை திறந்தேன். முதலில் வந்தவள் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ். பத்துக் குண்டு, பத்துப் பலூன். நல்ல கண் என்று நினைத்துப் பெரிய கரடி பொம்மையைக் கொடுத்தேன். அடுத்து வந்த பஸ் கண்டக்டரும் பத்து. அவர் மனைவி இடுப்பில் குழந்தையோடு எட்டு. ஒரு மணி நேரத்தில் கரடி, வாளி, சுவர்க்கடிகாரம் எல்லாம் போய், வெறும் பலகைக்கு முன்னால் நான் நின்றேன். ராட்டினத்தில் சீட்டுக் கிழிக்கும் உன் தம்பி ஓடி வந்தான்.

"அண்ணி, முள்ளை என்ன பண்ணீங்க?"

"கோணலா இருந்துச்சு, நிமிர்த்துனேன்."

"போச்சு. இருபது வருஷமா அந்தக் கோணல்லதான் நம்ம அடுப்பு எரிஞ்சுது."

அவன் தலையில் கைவைத்துக்கொண்ட அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போன பிறகு முதல் சிரிப்பு. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. கை ஆடுது, மூச்சைப் பிடிங்க என்று குறி தப்பிய அத்தனை பேருக்கும் சொல்வாயே, வாய் கூசவில்லையா? பக்கத்தில் நின்று நானும் சேர்ந்து சொன்னேனே.

அடுத்த சனிக்கிழமைக்குள் முள்ளைப் பழையபடி வளைக்காவிட்டால் கடையை எடுத்துவிடலாம் என்கிறான் உன் தம்பி. குறடு மேசைமேல்தான் இருக்கிறது. கை போகவில்லை. இவ்வளவு தேய்த்து வளர்த்துவிட்டு, அதைப் பொய் சொல்லப் பழக்குவதா? பழக்காவிட்டால் நீ போட்ட கடை போகிறது.

கோபத்தோடு,
உன்னுடையவள்தான்


பிப்ரவரி 23, ஞாயிறு

என் பட்டாணிக் கண்ணுக்கு,

முள் நேராகவே இருக்கிறது. கடையும் இருக்கிறது.

பலூனைத்தான் ஆரஞ்சுப் பழம் அளவுக்குச் சின்னதாக ஊதினோம். பலகையை நாலு எட்டு பின்னால் தள்ளினேன். 'துப்பாக்கி நேர், பலூன் சின்னது' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டேன். நேற்று வரிசை ராட்டினம் வரைக்கும் போனது. தவறவிட்டவர்கள் துப்பாக்கியைத் திட்டவில்லை. தங்களையே திட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் வந்து நின்றார்கள். வருஷா வருஷம் உன்னிடம் தோற்றுப்போவாரே மீசைக்காரத் தபால்காரர், அவர் மூன்று பலூன் உடைத்துவிட்டு மனைவியைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிடுங்க, உங்க இடுப்பு பிடிச்சுக்கும் என்று அந்தம்மா கத்திக்கொண்டே சிரித்தாள். ஊதி ஊதி உன் தம்பிக்குக் கன்னம் வலிக்கிறதாம். வலிக்கட்டும்.

கடை கட்டும் முன் நானும் ஒன்று சுட்டேன். பச்சையைப் பார்த்தேன், பச்சை உடைந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவோடு உன் கடைக்கு வந்தேனே, ஒரே குண்டில் சிவப்புப் பலூன் உடைந்ததே. குறி தப்பாத பொண்ணு என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினாய். மறுவாரமே பெண் கேட்டு வந்தாய். பதினெட்டு வருஷம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பெருமைப்பட்டாய். நான் உன்னிடம் மறைத்தது ஒன்றே ஒன்றுதான். நான் பார்த்தது சிவப்பை இல்லை. அதற்கு இடப்பக்கம் இருந்த மஞ்சளை. எல்லோரும் கைதட்டினார்கள், நீ வேறு அப்படிச் சிரித்தாய், நான் பேசாமல் இருந்துவிட்டேன். உன்னை ஏமாற்றிக் கட்டிக்கொண்டோமே என்று எத்தனை நாள் மனசுக்குள் பயந்திருப்பேன்.

ஆனால் முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, குண்டு வலப்பக்கம்தான் போகும் என்று உனக்குத் தெரியும். என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றாய். சொல்லுய்யா, நான் குறி வைத்தது மஞ்சளை என்று உனக்கு அன்றைக்கே தெரியுமா?