வேலிக்கு வெளியே ராணி

கோலார் தங்கவயல்
18 செப்டம்பர் 1918

அன்புள்ள நாகவல்லிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். குத்தம்பாக்கத்தில் நீயும் குழந்தை ராணியும் சுகம்தானே?

நம் ஊர் வேதக்கோயில் உபதேசியார் இந்த மாதமே உங்கள் இருவருக்கும் ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம், கிறிஸ்துமஸுக்கு நான் வரும்வரை பொறு. வேம்புலியாக இருந்த நான் தானியேல் ஆன அன்று உன் அண்ணன் வரதன் ஊர் கேட்கச் சிரித்தான். என் மகளை நானே தூக்கிக்கொண்டு பீடத்தண்டை நிற்க வேண்டும், அவன் அதைப் பார்க்க வேண்டும். வீம்புதான், இருக்கட்டுமே!

இங்கே விஷக்காய்ச்சலில் தினம் நாலு பேர் போகிறார்கள். எனக்குப் பயமில்லை. செத்தாலும் கடைசி நாளில் கர்த்தர் எழுப்ப எழுந்திருப்போம்.

உன் மாமா
தானியேல்

குத்தம்பாக்கம்
21 அக்டோபர் 1918

மாமாவுக்கு,

எப்படி எழுதுவேன்? ராணி போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை, உச்சிவேளையில். நாலே நாள் காய்ச்சல்.

உங்களைப் பார்த்துச் சிரித்த அண்ணன்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். உபதேசியார் வேலியண்டையே நின்று அழுதார். "ஞானஸ்நானம் ஆவலியேம்மா, உள்ள வெக்க சட்டமில்லியே, நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். "மூணு வயசுக் கொயந்தைக்கு இன்னாய்யா சட்டம்?" என்று அண்ணன் கத்தினார். கடைசியில் ஏரிக்கரையில் புதைத்தோம்.

நீங்கள் பொறு என்றீர்கள், பொறுத்தேன். செத்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். ராணி எழுந்திருப்பாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

நாகவல்லி

கோலார் தங்கவயல்
2 நவம்பர் 1918

என் நாகவல்லி,

என் வீம்புதான் பிள்ளையை வேலிக்கு வெளியே தள்ளியது.

நீ கேட்டதை இங்குள்ள பாதிரியாரிடம் கேட்டேன். "கர்த்தருக்குத் தெரியும்" என்றார், அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொன்னார். சாகக் கிடக்கிற பிள்ளையின் தலையில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி நாமத்தைச் சொல்லி வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அது ஞானஸ்நானம்தானாம். இதை ஒருவரும் நமக்குச் சொல்லவில்லையே!

காய்ச்சலுக்கு நீ அவள் தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பாய். நாமத்தைச் சொல்லி ஊற்றினேன் என்று உபதேசியாரிடம் சொல்லிவிடு. பிள்ளையை எடுத்து உள்ளே வைப்பார். பொய்யென்றால் அந்தப் பாவம் என் தலையில் விழட்டும். நீயும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள். மூவரும் ஒரே இடத்திலிருந்து எழுந்திருக்கலாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தானியேல்

குத்தம்பாக்கம்
24 நவம்பர் 1918

மாமாவுக்கு,

தண்ணீர் ஊற்றினேன், குடம் குடமாய். ஆனால் "பொன்னியம்மா, எம் பொண்ணக் காப்பாத்து தாயே" என்றுதான் கத்தினேன். வாயில் அதுதான் வந்தது.

உபதேசியாரிடம் போனேன். உங்கள் பாதிரியார் சொன்னதைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாமத்தச் சொல்லித்தானே ஊத்துன? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா" என்று அவரே எடுத்துக்கொடுத்தார். நல்ல மனுஷர். எனக்குத்தான் அந்த ஆமா வரவில்லை. அவரை ஏமாற்றி வேலிக்குள் இடம் வாங்கிவிடலாம். எழுப்புகிறவரை எப்படி ஏமாற்றுவது?

எனக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். செத்தால் என்னையும் ஏரிக்கரையிலேயே வைக்கும்படி அண்ணனிடம் கேட்டுக்கொண்டேன். உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். அது தீரும் என்று தோன்றவில்லை.

நீங்கள் நம்புகிறபடியே எழுந்திருங்கள், மாமா. எல்லாரும் எழுந்து போகிற அன்றைக்கு ராணி அங்கே தனியாகக் கிடந்தால் பயந்து அழுவாள். நான் அவளோடு இருந்துகொள்கிறேன்.

நாகவல்லி