உன் பெயருக்கு வந்த அணில்

கிள்ளானில் உன் வீட்டுக் கதவைத் திறந்ததும் ரப்பர் கருகிய வாடை மூக்கில் ஏறியது. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நினைத்துச் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது. உன் வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன வாடைண்ணே இது?"

"கொஞ்ச நாளா வருது டீச்சர். பழகிப் போச்சு."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து உன்னை அவர் "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார். உன் பெயரை அவர் வாயிலிருந்து கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கேட்ட அதிர்ச்சி அடங்குவதற்குள் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து ஓர் அணில் மேசைமேல் குதித்தது. பழத்துண்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தின்னத் தொடங்கியது.

"பார்த்தீங்களா டீச்சர்? உங்களை அடையாளம் தெரியுது அவளுக்கு."

நீயா அணில்? இதைக் கேட்டிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும்.

பள்ளியில் நாம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு எடுத்த காலத்தில், அணிலின் முதுகில் மூன்று கோடு இருக்கும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "டீச்சர், நம்ம ஸ்கூல் அணிலுக்குக் கோடே இல்லையே, வயிறுதானே சிவப்பா இருக்கு" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். நான் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உன் குரல்தான் வந்தது: "ராமரே தொட யோசிச்ச அணில்டா இது." இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவள் நீ. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை எலி கொறித்துத் தள்ளியதையும், உன் அப்பா மரம் மரமாக எலி மருந்துக் கட்டிகளை வைத்துவிட்டு வந்ததையும் சொல்லியிருக்கிறாய். உனக்கு அணிலும் எலியும் ஒன்று. "வால்ல பொசுபொசுன்னு முடி இருந்தா எலி இல்லைன்னு ஆயிடுமா?" என்பாய். மாமரத்தில் ஒன்று தென்பட்டால் போதும், ஈர்க்குச்சி விளக்குமாற்றோடு வெளியே போய்விடுவாய். பக்கத்து வீட்டுச் சீன அம்மாள், "சோ கியூட் லா" என்று அதற்கு ரொட்டி போட்டபோது, "கியூட்டா இருக்குன்னா உங்க வீட்டுக்குள்ளயே வச்சுக்கோங்க ஆன்டி" என்று நீ சொன்னதும், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டதும் எனக்கு மறக்கவில்லை.

அப்படிப்பட்ட உன்னை உன் வீட்டுக்காரர் அணில் ஆக்கியது உன் கருமாதி அன்றுதான் என்று யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. முட்டி வலியால் சில மாதங்களாகப் பிரிக்பீல்ட்ஸை விட்டு நான் நகரவில்லை. அதற்குள் இது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது.

அன்று பின்கட்டுச் சுவரில் இலை போட்டு, உனக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, காக்கையைக் கூப்பிட்டோம். கிள்ளானில் காக்கைக்கா பஞ்சம்? ஆனாலும் ஒன்றுகூட இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. "என்ன கோபமோ அவளுக்கு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை. கடைசியில் மாமரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தது. உளுந்து வடையைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் கொறித்தது. நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

"அண்ணே, அவ அணிலைக் கண்டாலே விளக்குமாத்தைத் தூக்குறவ" என்றேன் இப்போது.

"எனக்குத் தெரியாதா டீச்சர்? ஆனா அன்னிக்கு வந்தது இது ஒன்னுதானே."

வாடை மட்டும் விடவில்லை. அவர் வேண்டாம் என்று தடுத்தும், ஜெஞ்சாரோமில் இருக்கும் தெரிந்த வயர்மேனுக்குப் போன் போட்டேன். வயர்மேன் வந்து மெயின் சுவிட்சை அணைத்தார். படுக்கையறைச் சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டவர், ஏணியில் அப்படியே நின்றுவிட்டார்.

"அங்கிள், அணிலு, இந்தத் தூப்பாய், இங்க கல்யாணம் கட்டிக் குடும்பமே நடத்துது லா. வயரெல்லாம் உரிச்சுப் போட்டிருக்கு. நீங்க எப்படி இதுக்குக் கீழ படுத்துத் தூங்கினீங்க?"

வயர்மேன் இறங்கியதும், முட்டியைப் பிடித்துக்கொண்டு நானும் ஏணியில் ஏறிப் பார்த்தேன். தோல் உரிந்த செம்புக் கம்பிகள் டார்ச் வெளிச்சத்தில் மின்னின. ஓரிடத்தில் மரச்சட்டம் கறுத்துப் போயிருந்தது. நேர் கீழே உன் வீட்டுக்காரர் தலையணை. கறுத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் கூடு. உள்ளே கண் திறக்காத குட்டிகள், ரோஸ் நிறத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக. அவற்றுக்கு மெத்தையாக இருந்தது இலையோ நாரோ இல்லை. அது உன் சேலை. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுக் கரை போட்டது. நீ பணி ஓய்வு பெற்ற அன்று கட்டியிருந்தாயே, அதேதான். உன் வாசனை போய்விட்டதோ என்று அவர் ஓயாமல் திறந்து திறந்து பார்த்த அலமாரி சாத்தப்படாமலே கிடந்திருக்கிறது. ஜன்னல் வழியாக வந்தது அதற்குள்ளும் போயிருக்கிறது.

வயர்மேன் கூட்டைக் குட்டிகளோடு ஓர் அட்டைப் பெட்டியில் இறக்கினார். உன் வீட்டுக்காரர் குனிந்து, அந்தக் கரையை விரலால் தடவிப் பார்த்தார். பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"அவ சொந்தச் சேலையக் கிழிக்க மாட்டா. இல்லையா டீச்சர்?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு, எத்தனையோ விதமாக, நோகாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அன்று மேலே அந்தச் சட்டம் கறுத்திருந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது.

"மாட்டாண்ணே" என்றேன்.

அவர் தலையாட்டினார். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் முகம் இப்படி ஆகவில்லை. அன்று வீடு நிறைய ஆள் இருந்தது. இப்போது நானும் வயர்மேனும் அந்த ஏணியும்தான்.

வயர்மேன் பெட்டியை மாமரக் கிளையில் கட்டிவிட்டு, வயர் மாற்றும் வேலையைத் தொடங்கினார். தாய் அணில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஜன்னலுக்கும் மரத்துக்கும் நடுவே அலைந்தது. மறுபடி உள்ளே வரப் பார்த்தது.

"நீங்களே சாத்துங்க டீச்சர்" என்றார் உன் வீட்டுக்காரர், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. "என்னால முடியாது."

நான் போய் ஜன்னல் கதவை இழுத்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது முன்னங்கால்களைத் தூக்கி நின்று என்னைப் பார்த்தது. சிவந்த வயிறும் உருண்டைக் கண்ணுமாக அழகாகத்தான் இருந்தது. அது அணில்தான், நீ இல்லை. நன்றாகத் தெரிந்துதான் சாத்தினேன். நீயாக இருந்தால் இதைவிட வேகமாகச் சாத்தியிருப்பாய் என்பதும் தெரியும். இருந்தும், கொக்கியைப் போட்ட இந்தக் கை அன்றிலிருந்து எனக்குக் கனக்கிறது.